புது தெர்மோஸ்டாட் வாங்கும் முன் ஒரு தடவை பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் பாருங்கள்

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை கனடாவில், டொரொன்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் எங்கள் வீட்டைச் சூடாக்கும் பர்னஸ் நின்றுபோனது. அதுவாக நிற்கவில்லை, நான்தான் நிறுத்தி வைத்தேன். யாரோ ஒருவர் வீடியோவில் வீட்டுச் சூட்டின் அளவைப் போனிலேயே மாற்றக்கூடிய ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டைப் பதினைந்து நிமிடத்தில் மாட்டியதைப் பார்த்துவிட்டு, நானும் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தேன். வெளியே மைனஸ் 8. மேலே இரண்டு பிள்ளைகள், கீழே பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கும் தம்பதி. இரவு ஒன்பது மணிக்கு அவசர ரிப்பேருக்குப் போன் போட்டால், வந்து பார்ப்பதற்கு மட்டும் 240 டாலர் என்றார்கள். கடைசியில் காரில் போடுகிற ஒரு சின்ன பியூஸ் காரியத்தை முடித்தது.

அந்த இரவு உங்களுக்கு வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒன்டாரியோவில் கேஸ் பர்னஸ் உள்ள வீட்டை மனதில் வைத்து எழுதியது. மற்ற மாகாணங்களிலும் வயரிங் இதே மாதிரிதான், தள்ளுபடித் திட்டங்கள்தான் மாறும்.

1. முதலில் உங்கள் ஹீட்டிங் எந்த வகை என்று பாருங்கள்

தரையிலோ சுவரின் அடியிலோ ஜாலி வைத்த துளைகள் வழியாகச் சூடான காற்று வந்தால், பேஸ்மென்ட்டில் பர்னஸ் இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது 24 வோல்ட்டில் இயங்கும் தெர்மோஸ்டாட். கடையில் விற்கிற எக்கோபீ, நெஸ்ட் மாதிரியானவை எல்லாம் இதற்காகச் செய்தவை. தொடர்ந்து படியுங்கள்.

சுவரோரம் நீளமாக மின்சார ஹீட்டர் ஓடுகிற வீடாக இருந்தால் இங்கேயே நில்லுங்கள். அதன் தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் வருவது 240 வோல்ட். திறந்து பார்த்தால் முறுக்கி மூடி போட்ட தடித்த வயர்கள் இருக்கும். 24 வோல்ட் தெர்மோஸ்டாட்டை அதில் மாட்டினால் கருகிவிடும், உங்களுக்கும் ஆபத்து. அதற்கென்றே மைசா போன்றவை தனியாக விற்கின்றன. வாங்கி, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டரிடம் கொடுத்துவிடுங்கள். சில அடுக்குமாடிக் காண்டோக்களில் இருக்கும் ஃபேன் காயில் யூனிட்டுகளிலும் இதே சிக்கல் உண்டு. காண்டோ என்றால் மேனேஜ்மென்ட்டிடம் எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும்.

சில பழைய வீடுகளில் வெந்நீரால் சூடாகும் ரேடியேட்டர் இருக்கும். அங்கே தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டே இரண்டு வயர்தான் வந்திருக்கும். மாட்ட முடியும், ஆனால் கீழே நான்காவது தலைப்பில் சொல்கிற கடைசி வழிதான் அநேகமாக உங்களுக்கு ஒத்துவரும்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு ஈமெயிலாவது வாங்கிக்கொள்ளுங்கள். பர்னஸே மாத வாடகையில் வந்ததாக இருந்தால் அந்த ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். சிலவற்றில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று இருக்கும்.

2. பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எழுத்துகளைப் படியுங்கள்

பர்னஸ் ஸ்விட்சை அணைத்துவிட்டு (எப்படி என்று ஏழாவதில் சொல்கிறேன்) பழைய தெர்மோஸ்டாட்டின் முகப்பை இழுத்தால் கழன்று வரும். உள்ளே ஒவ்வொரு வயரும் ஒரு ஆங்கில எழுத்துக்குக் கீழே சொருகியிருக்கும்.

'ஆர்' என்பது 24 வோல்ட் வரும் வயர். 'டபிள்யூ' ஹீட்டிங். 'ஒய்' ஏ.சி. 'ஜி' ஃபேன். 'சி' என்பது மின்சாரம் திரும்பிப் போகும் பொது வயர். ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுக்குத் திரையும் வைஃபையும் நாள் முழுக்க ஓட வேண்டும், அதற்கு இந்த 'சி' தேவை. பழைய பேட்டரி தெர்மோஸ்டாட்டுக்கு இது தேவைப்படவில்லை, அதனால் பல வீடுகளில் இணைக்காமலே விட்டிருப்பார்கள்.

வழக்கமாக ஆர் சிவப்பு, டபிள்யூ வெள்ளை, ஒய் மஞ்சள், ஜி பச்சை, சி நீலம் அல்லது கறுப்பு. ஆனால் நிறத்தை நம்பாதீர்கள். எங்கள் வீட்டில் முன்பு இருந்தவர் பச்சையை ஏ.சி.க்கும் மஞ்சளை ஃபேனுக்கும் போட்டிருந்தார். ஏன் என்று அவருக்குத்தான் வெளிச்சம். எந்த எழுத்தில் சொருகியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

இப்போதே போட்டோ எடுங்கள். ஒன்று போதாது, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. வயர் எந்த எழுத்துக்கு நேராக இருக்கிறது என்பது நேரே பார்த்தால் ஒரு மாதிரியும் சாய்வாகப் பார்த்தால் ஒரு மாதிரியும் தெரியும்.

இரண்டு எச்சரிக்கை. 'ஓ' (O) அல்லது 'பி' (B) என்ற எழுத்தில் வயர் இருந்தால் உங்களிடம் இருப்பது ஹீட் பம்ப், அதாவது ஒரே கருவி சூடும் குளிரும் தரும் வகை. மாட்டலாம், ஆனால் செட்டிங்கில் ஒரு தப்பு செய்தால் சூடு கேட்டால் குளிரும் குளிர் கேட்டால் சூடும் வரும். எழுத்துகள் ஏ, பி, சி, டி என்று வரிசையாக இருந்தால், அது பர்னஸும் தெர்மோஸ்டாட்டும் தங்களுக்குள் தனி மொழியில் பேசிக்கொள்ளும் வகை. கேரியர் இன்ஃபினிட்டி அப்படிப்பட்டது. அதில் இருக்கும் 'சி' நாம் தேடுகிற 'சி' இல்லை. கடையில் கிடைக்கும் தெர்மோஸ்டாட்டை அதில் அப்படியே மாட்ட முடியாது. பர்னஸ் போட்டவரைக் கேளுங்கள்.

பழைய தெர்மோஸ்டாட் வட்டமாக, உள்ளே வெள்ளி நிறத்தில் உருளுகிற திரவம் உள்ள கண்ணாடிக் குமிழோடு இருந்தால் அது பாதரசம். குப்பையில் போடாதீர்கள். நகராட்சியின் ஆபத்தான கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

3. பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் பாருங்கள்

இந்த ஒரு படியைத்தான் நான் அரைகுறையாகச் செய்தேன். பத்து நிமிட வேலை.

பர்னஸுக்கு முன்பக்கம் இரண்டு தகடு மூடிகள் இருக்கும். கரண்ட்டை அணைத்துவிட்டு கீழ் மூடியைத் தூக்கி இழுத்தால் கழன்று வரும். உள்ளே ஒரு சர்க்யூட் பலகை. அதன் ஓரத்தில் வரிசையாக ஸ்க்ரூக்கள், பக்கத்தில் அதே எழுத்துகள். தெர்மோஸ்டாட்டில் இருந்து சுவருக்குள் இறங்கி வருகிற வயர்கள் இங்கேதான் முடிகின்றன.

எங்கள் வீட்டுப் பலகையில் 'சி' ஸ்க்ரூவில் ஒரு வயர் இருந்தது. 'அப்பாடா, சி வயர் இருக்கிறது' என்று மூடியைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். நான் விழுந்த முதல் குழி அதுதான். அந்த வயர் தெர்மோஸ்டாட்டுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வெளியே இருக்கும் ஏ.சி. யூனிட்டுக்குப் போகிற வயர் அது. ஏ.சி. உள்ள வீடுகளில் பலகையின் 'சி'யிலும் 'ஒய்'யிலும் வெளி யூனிட்டின் இரண்டு வயர்கள் வந்து சேரும். ஆகவே 'சி'யில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது போதாது. அந்த வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போய், எந்தக் கேபிளில் இருந்து வருகிறது என்று பாருங்கள். ஐந்தாறு நிற வயர்கள் கூட்டமாக வரும் கேபிள் மேலே தெர்மோஸ்டாட்டுக்குப் போவது. இரண்டே வயர் உள்ள மெல்லிய கேபிள் வெளி யூனிட்டுக்கு.

அப்புறம் அந்தக் கூட்டக் கேபிளின் உறை முடிகிற இடத்தைக் கவனியுங்கள். பயன்படுத்தாத வயரை வெட்டாமல் உறையைச் சுற்றிச் சுருட்டி விட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு நீல வயர் அப்படிச் சுருண்டு கிடந்தது, மேலே தெர்மோஸ்டாட் பக்கமும் சுவர்த் துளைக்குள் மடங்கிக் கிடந்தது. உங்களுக்கும் அப்படி ஒன்று கிடைத்தால் பிரச்சினை தீர்ந்தது. கீழே அதை 'சி'யில் மாட்டினால் மேலே 'சி' வந்துவிடும். அந்த ஸ்க்ரூவில் இருக்கும் ஏ.சி. வயரைக் கழற்றிவிட வேண்டாம், இரண்டும் ஒரே ஸ்க்ரூவில் இருக்கலாம்.

இங்கே இருக்கும்போதே பலகையில் பியூஸ் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காரில் போடுகிற அதே தட்டை பியூஸ்தான். ஊதா என்றால் 3 ஆம்ப், வெளிர் பழுப்பு என்றால் 5 ஆம்ப். அதே அளவில் ஒரு பாக்கெட் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சில டாலர்தான்.

கேஸ் குழாய், கேஸ் வால்வு எதையும் தொட வேண்டிய தேவை இந்த வேலையில் இல்லை. அதைத் தொட ஒன்டாரியோவில் சான்று பெற்ற கேஸ் டெக்னீஷியன் வேண்டும்.

4. 'சி' வயர் கிடைக்கவில்லையா?

மூன்று வழிகள், என் விருப்ப வரிசையில்.

தெர்மோஸ்டாட்டுக்கு நான்கு வயர் (ஆர், டபிள்யூ, ஒய், ஜி) வந்திருந்தால், பர்னஸ் பலகையில் மாட்டும் ஒரு சின்ன அடாப்டர் போதும். எக்கோபீயில் அதற்குப் பவர் எக்ஸ்டெண்டர் கிட் என்று பெயர். சில மாடல்களின் பெட்டியிலேயே வரும், எல்லாவற்றிலும் வராது. பெட்டியின் பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, புது கேபிள் இழுப்பது. ஐந்து வயர் உள்ள 18 கேஜ் தெர்மோஸ்டாட் கேபிள் என்று கேட்டால் கொடுப்பார்கள். தெர்மோஸ்டாட் நேர் கீழே பேஸ்மென்ட்டில் கூரை மூடாமல் இருந்தால் சுலபம். கூரையெல்லாம் அடைத்து முடித்த பேஸ்மென்ட்டில் இது நரகம்.

கடைசியாக, தனி 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். சாதாரண பிளக்கில் சொருகி இரண்டு வயரை தெர்மோஸ்டாட்டுக்குக் கொண்டுபோவது. சுவரில் ஒரு வயர் தொங்கும், அழகாக இருக்காது. ரேடியேட்டர் வீடுகளில் இரண்டே வயர் என்பதால் பல நேரம் இதுதான் கதி.

'ஜி' வயரையே 'சி' ஆக மாற்று என்று சிலர் சொல்வார்கள். ஃபேனை மட்டும் தனியாக ஓட்டுகிற வசதி போய்விடும். பலகையில் ஒய்யையும் ஜியையும் இணைக்க மறந்தால், கோடையில் ஃபேன் ஓடாமல் ஏ.சி. மட்டும் ஓடி உள்ளே பனிக்கட்டி பிடிக்கும். எனக்கு இது வேண்டாத வம்பு.

'சி' இல்லாமலே ஓடும் என்று விற்கிற மாடல்களும் உண்டு. பல வீடுகளில் ஓடவும் செய்கிறது. ஆனால் ஜனவரி நடுவில் பேட்டரி இறங்கி நின்ற கதைகளைக் கேட்டபின், 'சி' கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்பது என் கட்சி.

5. வாங்குவது: விலை, தள்ளுபடி, வைத்துக்கொள்ள வேண்டிய காகிதங்கள்

நான் விசாரித்தபோது நல்ல பிராண்டுகள் சுமார் 150 டாலரில் தொடங்கி 380 வரை போயின. மேலே 13 சதவீதம் எச்.எஸ்.டி. விற்பனை வரி. விலை கூடிய மாடலில் அதிகம் கிடைப்பது பளபளப்பான திரையும் ஸ்பீக்கரும்தான். ஹீட்டிங்கைப் பொறுத்தவரை கீழ் மாடலே போதும். மிச்சப் பணத்தில் தனி அறை சென்சார் ஒன்று வாங்குங்கள், பேஸ்மென்ட் உள்ள வீட்டுக்கு அதுதான் உதவும்.

ஆள் வைத்து மாட்டினால் 100 முதல் 250 டாலர் கேட்கிறார்கள். 'சி' வயர் இருந்தால் அந்தச் செலவு வீண். இல்லாவிட்டால், அல்லது ஹீட் பம்ப் என்றால், கொடுத்துவிடுவதில் தப்பில்லை. நீங்களே செய்வதானால் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று 25 டாலர்.

எனர்ஜி ஸ்டார் என்ற ஆற்றல் சிக்கனச் சான்று உள்ளதா என்று பாருங்கள். ஒன்டாரியோவின் ஹோம் ரெனவேஷன் சேவிங்ஸ் திட்டத்தில் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுக்கு 75 டாலர் தள்ளுபடி கிடைக்கிறது. கேஸ் கம்பெனியான என்பிரிட்ஜ் கேஸும், மாகாணத்தின் மின்சாரச் சேமிப்பு முயற்சியான சேவ் ஆன் எனர்ஜியும் சேர்ந்து நடத்துகிற திட்டம் அது. விதிகளும் மாடல் பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் வாங்குகிற அன்றைக்கே திட்டத்தின் பக்கத்தைத் திறந்து உங்கள் மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மாட்டிவிட்டு அப்புறம் பார்த்தால் பட்டியலில் இல்லாமல் போகலாம்.

நான் எடுத்து வைத்தவை: தேதியும் மாடல் பெயரும் தெரிகிற ரசீது, பெட்டியில் உள்ள சீரியல் எண்ணின் போட்டோ, சுவரில் மாட்டிய பிறகு ஒரு போட்டோ, கேஸ் பில்லில் உள்ள கணக்கு எண். ரசீது வெயிலில் வெளுத்துப்போகும் காகிதம், அன்றே போட்டோ எடுங்கள். பில்லில் இருக்கும் பெயரும் விண்ணப்பிப்பவர் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் கேஸ் கணக்கு மனைவி பெயரில். நான் என் பெயரில் நிரப்பிவிட்டு, மறுபடி முதலில் இருந்து நிரப்பினேன். பணம் உடனே வராது, வாரக்கணக்கில் ஆகும்.

பழைய பொருள் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல், இரண்டாம் தலைமுறை நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுகளுக்கு கூகுள் 2025 அக்டோபர் 25 முதல் ஆதரவை நிறுத்திவிட்டது. சுவரில் கையால் திருப்பினால் வேலை செய்யும், போன் ஆப்பில் வராது. 40 டாலருக்கு யாராவது விற்றால் அதுவாக இருக்கலாம்.

வாசலில் வந்து 'இலவச தெர்மோஸ்டாட்' என்று சொல்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். இலவசத்தின் கூடவே பர்னஸோ வாட்டர் ஃபில்டரோ பத்து வருட வாடகையில் வந்து உட்காரும். நீங்கள் கூப்பிடாமல் வீட்டுக்கு வந்து பர்னஸ், ஏ.சி., வாட்டர் ஹீட்டர் விற்பது ஒன்டாரியோவில் 2018 மார்ச் முதல் சட்டப்படி தடை. கேஸ் பில்லைக் காட்டுங்கள் என்று கேட்டால் கதவைச் சாத்திவிடலாம், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

6. நாள் பார்த்து மாட்டுங்கள்

முகூர்த்தம் இல்லை, வானிலை. செப்டம்பர் கடைசியோ அக்டோபரோ நல்லது. ஹீட்டிங்கைச் சோதிக்கும் அளவுக்குக் குளிர் இருக்கும், தப்பு நடந்தால் ஒரு இரவு போர்வையோடு சமாளிக்கலாம். காலை பத்து மணிக்குத் தொடங்குங்கள். கடை திறந்திருக்கும், பகல் வெளிச்சம் இருக்கும். சனிக்கிழமை மாலை வேண்டவே வேண்டாம். நிதானமாகச் செய்தால் ஒன்றரை மணி நேரம்.

7. கரண்ட்டை முழுசாக அணையுங்கள்

பர்னஸ் பக்கத்திலோ பேஸ்மென்ட் படி தொடங்கும் இடத்திலோ லைட் ஸ்விட்ச் போலவே ஒரு ஸ்விட்ச் இருக்கும், சில வீடுகளில் சிவப்புத் தகட்டோடு. அதை அணையுங்கள். பிரேக்கர் பாக்ஸில் பர்னஸ் என்று எழுதியிருப்பதையும் அணையுங்கள். ஸ்விட்சில் மாஸ்கிங் டேப் ஒட்டி 'தொடாதே' என்று எழுதுங்கள். வீட்டில் யாராவது லைட் என்று நினைத்துப் போட்டுவிடுவார்கள்.

இப்போது என் இரண்டாவது குழி. கீழே கரண்ட்டை அணைத்து நீல வயரை ஒழுங்காகத்தான் 'சி'யில் மாட்டினேன். அப்புறம் மூடியைப் போட்டு, 'கீழே வேலை முடிந்தது' என்று ஸ்விட்சைப் போட்டுவிட்டு மேலே வந்தேன். தெர்மோஸ்டாட் பக்கம் வயர்களைப் பிரித்தபோது சிவப்பின் நுனி நீலத்தின் நுனியில் பட்டது. கடுகு வெடித்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான், திரையும் வரவில்லை, பர்னஸும் ஓடவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இதே தெருவில் இருக்கிறார். டார்ச்சோடும் மல்டிமீட்டரோடும் வந்து பலகையைப் பார்த்தார். "தம்பி, பெரிசா ஒண்டும் இல்லை. உந்த ஊதா நிறத்தைக் கழட்டித் தாரும்" என்றார். வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் இருக்கும் வளைந்த கம்பி அறுந்திருந்தது. அவருடைய கராஜில் இருந்த டப்பாவில் 3 ஆம்ப் ஒன்று கிடைத்தது. நான் 10 ஆம்ப் இருக்கிறதே, போடலாமா என்று கேட்டேன். "வீடு எரியட்டும் எண்டால் போடும்" என்றார். பியூஸ் எப்போதும் அதே அளவுதான், ஒரு ஆம்ப் கூடக் கூட்டக் கூடாது.

ஆகவே, மேலே கடைசி வயரைச் சொருகி முகப்பை அழுத்திப் பொருத்தும்வரை கீழே ஸ்விட்ச் அணைந்தே இருக்கட்டும்.

8. மாட்டுவது

பெட்டியோடு எழுத்து ஸ்டிக்கர்கள் வரும். ஒவ்வொரு வயரிலும் பழைய எழுத்தை ஒட்டிய பிறகே கழற்றுங்கள். கழற்றியதும் எல்லா வயரையும் சேர்த்து ஒரு பென்சிலில் சுற்றி விடுங்கள். இல்லையென்றால் வயர் சுவருக்குள் நழுவி விழும், அதை மீன் பிடிப்பதுபோல் பிடிக்க அரை நாள் போகும்.

பழைய தகட்டை எடுத்ததும் சுவரில் ஒரு ஓட்டை தெரியும். விரலை வைத்துப் பாருங்கள், குளிர்காற்று வரும். அந்தக் காற்று தெர்மோஸ்டாட்டின் முதுகில் பட்டால் வீடு எப்போதும் குளிராக இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். வயரைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சோ, சுவர் ஓட்டை அடைக்கும் பட்டியோ (putty) வைத்து அடையுங்கள். இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் எங்கள் வீட்டில் இதனால் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் காட்டியது.

புது தகட்டை ரசமட்டம் பார்த்து ஸ்க்ரூ போடுங்கள். வயர் நுனி சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உறை உரிந்து நேராக இருக்க வேண்டும். சொருகியதும் மெல்ல இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது.

பலர் தடுமாறுவது 'ஆர்' வயரில். பழைய தெர்மோஸ்டாட்டில் 'ஆர்.எச்', 'ஆர்.சி' என்று இரண்டு இடம் இருந்து, இரண்டையும் ஒரு குட்டி வயர் இணைத்திருக்கும். அந்தக் குட்டி வயரைத் தூக்கிப் போடுங்கள், புதியதில் தேவையில்லை. எக்கோபீயில் ஒரே ஒரு ஆர் வயர் என்றால் அது 'ஆர்.சி'யில் போக வேண்டும். ஹீட்டிங்தானே என்று 'ஆர்.எச்'சில் போட்டால் திரை வராது.

பர்னஸோடு ஈரப்பதம் கூட்டும் கருவி இருந்து, அதற்குத் தனிக் கட்டுப்பாடு சுவரில் இருந்தால், இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். முதலில் ஹீட்டிங் ஓடட்டும்.

9. சோதனை

கீழே மூடியைச் சரியாக அழுத்திப் போடுங்கள். மூடிக்குப் பின்னால் ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கிறது, மூடி அரை அங்குலம் விலகியிருந்தாலும் பர்னஸுக்குக் கரண்ட் வராது. பாதிப் பேர் 'செத்துவிட்டது' என்று பயப்படுவது இதனால்தான்.

ஸ்விட்சைப் போட்டதும் திரையில் எந்தெந்த வயர் இருக்கிறது என்று காட்டும். உங்கள் போட்டோவோடு ஒத்துப்பாருங்கள். வைஃபை கேட்கும்போது பல மாடல்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வேண்டும். ரவுட்டரில் இரண்டும் ஒரே பெயரில் இருந்து இணையாவிட்டால், 2.4க்கு மட்டும் தனிப் பெயர் கொடுத்துப் பாருங்கள்.

அறை வெப்பத்தைவிட மூன்று டிகிரி கூட்டி வைத்துவிட்டு பேஸ்மென்ட்டுக்கு ஓடுங்கள். முதலில் ஒரு சின்ன ஃபேன் உறுமும். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும், ஒரு 'டக்', நீலத் தீ வரிசையாகப் பிடிக்கும். அரை நிமிடம் போல் கழித்துப் பெரிய ஃபேன் ஓடும். இந்த வரிசை நடுவில் நின்றால், மூடியில் உள்ள சிறு கண்ணாடி வழியே சிமிட்டும் விளக்கை எண்ணுங்கள். எத்தனை சிமிட்டலுக்கு என்ன அர்த்தம் என்று மூடியின் உட்பக்கம் அச்சிட்டிருக்கும். கேஸ் வாசனை வந்தால் எதையும் தொடாமல் எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து கேஸ் கம்பெனியின் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

ஏ.சி.யை இப்போது சோதிக்காதீர்கள். வெளியே 16 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது ஏ.சி. ஓட்டினால் கம்ப்ரஸர் கெட்டுப்போகலாம். அது மே மாத வேலை.

10. ஆப்பில் மாற்ற வேண்டியவை, முக்கியமாகக் கீழே ஆள் இருந்தால்

நானே பட்டு மாற்றியவற்றை மட்டும் சொல்கிறேன்.

வீட்டில் ஆள் இல்லை என்று தானாகக் கண்டுபிடித்துச் சூட்டைக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். டிசம்பரில் நாங்கள் திருச்சிக்குப் போயிருந்தோம். தெர்மோஸ்டாட் மேல் ஹாலில் இருக்கிறது. மேலே நடமாட்டம் இல்லை என்றதும் அது 16க்கு இறக்கிவிட்டது. கீழே இருந்த தம்பி வாட்ஸ்அப்பில், "அண்ணே, ஹீட்டர் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்று தயங்கித் தயங்கி எழுதியிருந்தார். இரண்டு நாள் பொறுத்துவிட்டு எழுதியிருக்கிறார். டொரொன்டோவில் குளிர்கால மாதங்களில் வாடகைக்கு விட்ட இடத்தில் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது நகர விதி. ஊரில் இருந்தபடியே போனில் கூட்டினேன், அந்த ஒரு விஷயத்தில் தெர்மோஸ்டாட் காசுக்குப் பிரயோஜனம்.

திரும்பி வந்ததும் ஒரு சென்சாரைக் கீழே அவர்கள் ஹாலில் வைத்தேன், கேட்டுவிட்டுத்தான். இரவு நேரத்துக்கு அந்த சென்சாரையும் கணக்கில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். சில சென்சார்கள் ஆள் நடமாட்டத்தையும் கவனிக்கும், அதை அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாடகைக்கு ஆள் இல்லாத வீடு என்றால் பகலில் 20, தூங்கும்போது 17 என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. எங்கள் அம்மா வந்திருந்தபோது 17 நடக்கவில்லை, 19இல் சமாதானம் ஆனோம். எனர்ஜி ஸ்டார் சொல்வது ஹீட்டிங், கூலிங் செலவில் சராசரியாக 8 சதவீதம் மிச்சம். ஏற்கெனவே இரவில் கையால் குறைத்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அவ்வளவு மிச்சம் ஆகாது.

நீண்ட விடுமுறைக்குப் போகிறவர்கள் வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். குளிர்காலத்தில் சில நாட்களுக்கு மேல் வீடு பூட்டியிருந்தால், ஆள் வந்து பார்க்க வேண்டும் அல்லது தண்ணீரை அடைக்க வேண்டும் என்று பல பாலிசிகளில் இருக்கிறது. போனில் வெப்பநிலை தெரிகிறது என்பதை இன்சூரன்ஸ்காரர் ஒப்புக்கொள்வார் என்று நினைத்துவிடாதீர்கள்.

11. மே மாதம் மறக்க வேண்டாம்

வெளியே 18, 20 டிகிரி வருகிற முதல் வார இறுதியில் ஏ.சி.யைப் போட்டுப் பாருங்கள். உடனே ஓடாது. கம்ப்ரஸரைக் காப்பாற்ற ஐந்து நிமிடம் வரை காத்திருக்கும், அதற்குள் பதறி வயரைக் கழற்றாதீர்கள். ஃபேன் மட்டும் ஓடி வெளி யூனிட் அசையாமல் இருந்தால் ஒய் வயரைப் பாருங்கள். ஏ.சி. கேட்டால் ஃபேன் வராவிட்டால் ஜி.

அது ஓடியதும் சேவ் ஆன் எனர்ஜியின் பீக் பெர்க்ஸ் என்ற திட்டத்தில் சேரலாம். சென்ட்ரல் ஏ.சி. அல்லது ஹீட் பம்ப்போடு தகுதியான தெர்மோஸ்டாட் இருந்தால், சேரும்போது 75 டாலர், பிறகு தொடரும் ஒவ்வொரு வருடத்துக்கும் 20 டாலர் கார்டாகத் தருகிறார்கள். பதிலுக்குக் கோடையின் சில மதிய, மாலை நேரங்களில் உங்கள் ஏ.சி.யின் டிகிரியைக் கொஞ்சம் ஏற்றி, அது குறைவாக ஓடும்படி வைப்பார்கள். அந்த நேரம் ஒத்துவராவிட்டால் சுவரில் கையால் குறைத்துக்கொள்ளலாம். பேஸ்மென்ட்டில் இருப்பவர்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.

பழைய தெர்மோஸ்டாட்டை அதன் ஸ்க்ரூக்களோடு ஒரு ஜிப் பையில் போட்டு பர்னஸ் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். ஜனவரி இரவில் புதியது மக்கர் செய்தால், அதை மாட்ட ஐந்து நிமிடம் போதும். அதே பையில் இரண்டு ஊதா பியூஸும் கிடக்கின்றன. ஒன்று அண்ணாவுக்குத் திருப்பித் தர வேண்டியது.